விலகிய காரணம்

பாடசாலைச் சேர்விடாப்பின் வலது ஓரத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு. சேர்ந்த திகதி, பிள்ளையின் பெயர், பிறந்த நாள், தகப்பன் பெயர், முகவரி என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்தால் கடைசியில் நிற்பவை அவை: விலகிய திகதி, விலகிய காரணம். ஒரு பிள்ளை ஏன் பள்ளிக்கூடத்தை விட்டுப் போனது என்பதை அதிபர் அந்தச் சிறிய கட்டத்துக்குள் ஒரே சொல்லில் எழுதிவிடுவார். சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டப் பாடசாலைகளின் கதையைத் தேடிப் போனபோது எனக்குக் கிடைத்த ஆவணங்களில் அந்த ஒற்றைச் சொற்களைவிட உண்மையானது வேறெதுவும் இல்லை.

பலாங்கொடைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா கவ்வாத்து வெட்டினார். 1980களில் ஆசிரியையாகி, கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று, கணிதம் படிப்பித்தேன். பிறகு தமிழ்மொழிமூலக் கணிதத்துக்கான ஆசிரிய ஆலோசகராக இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப் பாதைகளில் ஏறி இறங்கி ஓய்வு பெற்றேன். அந்த வேலையில் ஆண்டு தவறாமல் வருவது சாதாரண தரப் பெறுபேற்றுக் கூட்டம். வலயத்தின் எல்லாப் பாடசாலைகளையும் ஒரே தாளில் வரிசைப்படுத்தியிருப்பார்கள். தோற்றியவர் எத்தனை, உயர்தரத்துக்குத் தகுதி பெற்றவர் எத்தனை, வீதம் எவ்வளவு. மேலே நகரத்துப் பெரிய பாடசாலைகள். கீழே போகப் போக ‘தமிழ் வித்தியாலயம்’ என்று முடியும் பெயர்கள் அதிகமாகும். அடுத்து வரும் கேள்வி எப்போதும் “ஏன் இப்படி?” என்பதுதான். அதற்கு யாராவது ஒருவர் “தோட்டத்துப் பெற்றோருக்கு அக்கறை இல்லை” என்று பதில் சொல்வார். அந்தப் பதிலை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை.

மொழிதான் காரணம் என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களுக்கு மாவனல்லையைக் காட்டலாம். அங்குள்ள சாஹிரா கல்லூரியும் பதுரியா மத்திய கல்லூரியும் தமிழில் படிப்பிக்கும் முஸ்லிம் பாடசாலைகள். எங்கள் பிள்ளைகள் படிக்கும் அதே பாடநூல், அதே வினாத்தாள். அங்கிருந்து மருத்துவ பீடத்துக்கும் பொறியியல் பீடத்துக்கும் போகிறார்கள். அதே கேகாலை மாவட்டத்தில், தெரணியகலைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பாடசாலையில், பதினோராம் தரத்தைத் தொடும் பிள்ளைகளை ஒரே வாங்கில் உட்கார வைத்துவிடலாம். இரண்டும் ஒரே மொழி, ஒரே மாவட்டம், ஒரே பரீட்சைத் திணைக்களம். ஆனால் இரண்டும் ஒரே நாளில் புறப்பட்டவை அல்ல. பெறுபேற்றுத் தாளில் புறப்பட்ட ஆண்டுக்கு இடமில்லை. அந்த ஆண்டைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

சப்ரகமுவ தனி மாகாணமாக ஆனது 1889இல். அதற்கு முன்பே கோப்பி வந்து அழிந்துவிட்டது. தேயிலை பலாங்கொடை, இறக்குவானை, தெரணியகலை மலைகளில் ஏறிக்கொண்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் களனிப் பள்ளத்தாக்கில் ரப்பர் பரவியது. அதன் பின்னாலேயே ஒடுக்கமான தண்டவாளமும் வந்தது. 1912இல் இரத்தினபுரிக்கும் 1919இல் ஓபநாயக்கவுக்கும் ரயில் போயிற்று. தமிழ்நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆள் வந்தார்கள். பிள்ளைகளும் வந்தார்கள், இங்கேயும் பிறந்தார்கள். அவர்களுக்குப் படிப்பு என்ற பேச்சை முதலில் எடுத்தவர்கள் மிஷனரிமார். 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் தோட்டம் தோட்டமாக உபதேசியார்களை அனுப்பியது. துரைமார் சிலர் அதற்குப் பணமும் கொடுத்தார்கள். அந்தி நேரத்தில், வேலை முடிந்த பிறகு, வேதத்தோடு எழுத்தும் சொல்லிக் கொடுப்பது அவர்கள் வழக்கம்.

சட்டம் வந்தது 1907இல். ஹெர்பர்ட் வேஸ் தலைமையில் 1905இல் அமைந்த குழுவின் பரிந்துரைகளிலிருந்து பிறந்த கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் அது. தோட்டத்திலுள்ள 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி கொடுப்பதும், அதற்கு ஓர் அறையை ஒதுக்கிப் பராமரிப்பதும் தோட்டத் துரையின் கடமை என்றது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கடமையை இன்னும் இறுக்கியது. இந்தச் சட்டங்களைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் அந்தப் பத்து என்ற எண்ணில் போய் நின்றுவிடும். பத்து வயதோடு ஏன் முடிந்தது? அதற்கான விடை தொழிற்சட்டத்தில் இருக்கிறது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை வகுத்தது. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு எடுக்கக்கூடாது என்றும் சொன்னது. பத்து முடிந்தால் எடுக்கலாம். 1929இல் நடைமுறைக்கு வந்த கூலி விகிதத்தில், தாழ்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம், பிள்ளைக்கு 30 சதம். பள்ளிக்கூடம் கைவிடும் வயதும் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பேர் போடும் வயதும் ஒன்றாகவே இருந்தன. ஆறாம் வகுப்பு என்று ஒன்று தோட்டத்தில் எழும்பாமல் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அம்மா படித்த பள்ளிக்கூடத்தைப் பற்றி அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரே அறை. ஒரே மாஸ்டர். ஐந்து வகுப்பும் அவருக்கு முன்னால் தரையில் இருக்கும். ஒரு வகுப்பு பலகையில் எழுதும்போது மற்ற வகுப்பு வாய்ப்பாடு சொல்லும். மாஸ்டருக்குச் சம்பளம் தோட்டக் காரியாலயத்திலிருந்து வந்ததால், செக்ரோல் என்னும் சம்பளப் பேரேட்டை எழுத ஆள் போதாத நாளில் அவரைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். அன்று பள்ளிக்கூடம் இல்லை. தோட்டத்து மக்களுக்கு அவர்தான் கடுதாசி எழுதுபவர், வந்த கடுதாசியைப் படிப்பவர், திருவிழாவில் காமன் கூத்துப் பாட்டை எடுத்துக் கொடுப்பவர். அந்த மாஸ்டர்மாரைப் பற்றி இகழ்ச்சியாக எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் இல்லாவிட்டால் என் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடவே தெரிந்திருக்காது. கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கிய ஒரே பெண் தான்தான் என்று அம்மா சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் நிலைமை இன்னும் கடினம். பால் வெட்டு விடியும் முன் தொடங்கும். தாயும் தகப்பனும் இருட்டோடு போய்விடுவார்கள். பிள்ளையை எழுப்பி, குளிப்பாட்டி, பள்ளிக்கூடம் அனுப்ப வீட்டில் ஆள் இருக்காது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளை சிரட்டையில் ஒட்டிய பாலைச் சேர்க்கத் தாயோடு போகும். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் அன்றைய பேரும் கூலியும் இல்லை. களனிப் பள்ளத்தாக்கு மழையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. யட்டியாந்தோட்டைப் பக்கத்தில் பழைய வரவு இடாப்புகளைப் புரட்டியபோது, மழை மாதங்களில் வரவு குறைந்து கிடப்பதைப் பார்த்தேன். கையில் காசில்லாத வாரத்தில் கொப்பியும் இல்லை, பிள்ளைக்குக் கட்டிக்கொடுக்கச் சோறும் இல்லை.

1945இல் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. அவர் காலத்தில் நாடெங்கும் 54 மத்திய பாடசாலைகள் எழுந்தன. கிராமத்து ஏழைப் பிள்ளை ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் எடுத்து விடுதியில் தங்கி ஆங்கிலமும் விஞ்ஞானமும் படிக்கலாம் என்ற பெரிய வழி அப்போதுதான் திறந்தது. இரத்தினபுரியில் சீவலி, பலாங்கொடையில் ஆனந்த மைத்ரேய என்று இன்று பெறுபேற்றுத் தாளின் மேற்பகுதியில் நிற்கும் மத்திய கல்லூரிகள் நடக்கும் வழி அது. தோட்டப் பிள்ளை அந்தப் பக்கமே போகவில்லை. அவனுடைய பள்ளிக்கூடம் கல்வி அமைச்சின் கையில் இல்லை, துரையின் கையில் இருந்தது. 1947இல் கொண்டுவந்த திருத்தச் சட்டம் தோட்டத்தில் கட்டிடமும் காணியும் ஒதுக்கினால் அரசே பாடசாலையை நடத்தும் என்று வழி செய்தது. அது பெரும்பாலும் காகிதத்திலேயே கிடந்தது.

அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் எங்கள் தாத்தா பாட்டிமாரை நாடற்றவர்கள் ஆக்கியது. வாக்கும் போயிற்று. வாக்கில்லாத ஆளுக்குப் பள்ளிக்கூடம் கட்டித் தர எந்த அரசியல்வாதியும் வர மாட்டான். 1960இலும் 1961இலும் அரசு உதவி பெறும் பாடசாலைகளைத் தன் கைக்கு எடுத்தபோது, நகரத்து மிஷன் பாடசாலைகளும் இந்துப் பாடசாலைகளும் அரசுப் பாடசாலைகள் ஆயின. தோட்டப் பாடசாலைகளை அப்போதும் தொடவில்லை. இலவசக் கல்வி வந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும், ஒரு மாஸ்டர், ஒரு தகர அறை, ஐந்து வகுப்பு என்ற 1907ஆம் ஆண்டு ஏற்பாடே நடந்தது. தை. தனராஜ், சோ. சந்திரசேகரன் போன்ற கல்வியாளர்கள் இந்த முப்பதாண்டுகளைப் பற்றிப் பலமுறை எழுதிவிட்டார்கள். ஆனாலும் பெறுபேற்றுக் கூட்டத்தில் யாரும் அதை நினைவில் வைத்திருப்பதில்லை.

ஐந்துக்கு மேல் படிக்க வேண்டுமென்றால் நகரத்துக்கு நடக்க வேண்டும். இறக்குவானைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பரியோவான், பலாங்கொடைப் பிள்ளைகளுக்கு சீ.சீ. தமிழ் வித்தியாலயம், யட்டியாந்தோட்டையில் புனித மரியாள். இந்தப் பாடசாலைகள் இல்லையென்றால் சப்ரகமுவத் தமிழர்களில் ஓர் ஆசிரியர் தலைமுறையே இருந்திருக்காது. ஐந்தாம் வகுப்பு முடித்த பிறகு நானும் விடியலில் இறங்கி, பிற்பகலில் மலையேறி வீட்டுக்கு வந்தவள்தான். எங்கள் வரிசை வீடுகளான லயத்திலிருந்து என்னோடு இறங்கிய பெண் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். வயதுக்கு வந்ததும் ஒருத்தி. தம்பிக்குத் துணை வேண்டுமென்று இன்னொருத்தி. ஓபநாயக்க வரை ரயில் போன காலத்தில் அந்தப் பாதையோரத்துத் தோட்டங்களுக்கு இரத்தினபுரி எட்டும் தூரத்தில் இருந்தது. 1976இல் அந்த ரயிலையும் நிறுத்திவிட்டார்கள்.

இனி ‘விலகிய காரணம்’ என்ற அந்தக் கட்டத்துக்கு வருகிறேன்.

1960களின் கடைசியிலிருந்து 1980களின் தொடக்கம் வரையுள்ள பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும் சொல் ‘இந்தியா’. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றது, 3,00,000 பேரை இலங்கைக்கு என்றது. மீதி 1,50,000 பேரை 1974இல் சிறிமாவோவும் இந்திராவும் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். யாரையும் கேட்டுப் பங்கிடவில்லை. ஒரு பக்கத்தில் இருபது பெயர் இருந்தால் ஏழெட்டுக்கு நேரே ‘இந்தியா’ என்று எழுதியிருக்கும். ஒரே வாரத்தில் அண்ணன், தங்கை, தம்பி மூவருக்கும் அதே சொல், அதே மை. தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, நீலகிரியில் கூடலூருக்கோ கோத்தகிரிக்கோ போய்ச் சேர்ந்த பிள்ளைகள் அவர்கள். சில தோட்டங்களில் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் முதலில் போனார்கள், ஏனென்றால் விண்ணப்பப் பத்திரத்தை நிரப்பத் தெரிந்த வீடுகள் முதலில் நிரப்பின. பாடசாலை தன் நல்ல மாணவரை இழந்தது. எஞ்சியவர்களும் ‘நாமும் எப்போது போவோமோ’ என்ற எண்ணத்தில் இருந்தார்கள். போகப் போகிற பிள்ளைக்குப் பெருக்கல் வாய்ப்பாடு எதற்கு என்று கேட்ட தகப்பன்மாரை எனக்குத் தெரியும்.

அதற்கிடையில் 1973, 1974 பஞ்சம். தோட்டத்தில் பசியால் ஆள் செத்த காலம் அது. ‘மரணம்’ என்ற சொல் அந்தக் கட்டத்தில் அதிகமாக வரும் ஆண்டுகள். அதைப் பற்றி நீட்டி எழுத என்னால் முடியவில்லை.

அதற்கடுத்து வரும் சொல் ‘வவுனியா’. 1977 ஆகஸ்டில் ஒரு முறை, 1981 ஆகஸ்டில் ஒரு முறை, 1983 ஜூலையில் ஒரு முறை என்று இனக்கலவரங்களில் இந்த மாகாணத்துத் தோட்ட லயங்கள் தாக்கப்பட்டன. 1981இல் இரத்தினபுரி, கஹவத்தை, இறக்குவானைப் பக்கம் மிக மோசமாக அடிபட்டது. நுவரெலியாவில் தோட்டத்தைச் சுற்றித் தோட்டம் இருக்கும். அங்கே தமிழர் பாதிக்கு மேல். இரத்தினபுரி மாவட்டத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்தான் தமிழர். சிங்களக் கிராமங்களுக்கு இடையே சிறு சிறு தோட்டங்களாகச் சிதறிக் கிடந்தோம். நல்ல அயலவர்கள் பலர் தங்கள் வீட்டில் எங்களை ஒளித்து வைத்துக் காப்பாற்றியதும் அதனால்தான், ஓடி ஒளிய ஓர் ஊரே இல்லாமல் தவித்ததும் அதனால்தான். தப்பியவர்களில் பல குடும்பங்கள் வடக்கே போயின. காந்தியம் போன்ற அமைப்புகள் வவுனியா எல்லையில் அவர்களைக் குடியேற்றின. நான் பார்த்த ஒரு சேர்விடாப்பில், 1981க்கு முன்னால் மூன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நேரே ஒரே ஆண்டில் கோடு விழுந்திருந்தது.

இந்தக் காலத்தின் நடுவில்தான் அரசு தோட்டப் பாடசாலைகளை எடுத்தது என்பதை வாசகர் மனத்தில் வைக்க வேண்டும். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமை ஆக்கின. தோட்டம் அரசின் கைக்கு வந்தபின் அதன் பள்ளிக்கூடத்தை வெளியே விட முடியாது. 1970களின் பிற்பாதியில் தொடங்கி 1980கள் வரை, நாடு முழுவதும் 700க்கும் அதிகமான தோட்டப் பாடசாலைகள் படிப்படியாகக் கல்வி அமைச்சின் கீழ் வந்தன. நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்கு 1945இல் கிடைத்த இலவசக் கல்வி, சப்ரகமுவத் தோட்டப் பிள்ளைக்கு லயம் எரிந்துகொண்டிருந்த ஆண்டுகளில் கிடைத்தது.

அதற்குப் பின் நடந்தவற்றில் நல்லவை பல உண்டு. அவற்றைச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்னதாகும். தோட்டத்து இளைஞர், யுவதிகளையே சாதாரண தரச் சித்தியோடு ஆசிரியராக எடுத்தார்கள். நான் அப்படி வந்தவள். 1980களின் நடுவிலிருந்து சுவீடனின் சீடா நிறுவன உதவியோடு தோட்டப் பாடசாலை அபிவிருத்தித் திட்டம் வந்தது. கட்டிடம், ஆசிரியர் விடுதி, தண்ணீர், மலசலகூடம் வந்தன. தகரக் கொட்டகையில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் புதுச் சுவருக்குள் முதல் நாள் நுழைந்ததை நான் பார்த்தேன். சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் ஜெர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழும்பியது. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் முதன்முறையாக ஒரு தொகுதியாக வெளியே வந்தார்கள்.

ஆனால் ஒரு பாடசாலை மேலே ஏறுவதற்கு எடுக்கும் ஆண்டுகளைக் கட்டிடத்தால் சுருக்க முடியாது. எங்கள் நாட்டில் பாடசாலைகளுக்கு நான்கு வகை. உயர்தரத்தில் விஞ்ஞானமும் உள்ளவை 1ஏபி, கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளவை 1சி, பதினோராம் தரத்தோடு முடிபவை 2, ஆரம்பத் தரங்களோடோ எட்டாம் தரத்தோடோ நிற்பவை 3. தோட்டப் பாடசாலைகள் எல்லாம் கடைசி வகையாகவே அரசிடம் வந்தன. ஆறாம் தரம் தொடங்க ஆசிரியர் வேண்டும். எட்டாம் தரத்துக்கு இன்னும் இரண்டு பேர். சாதாரண தரத்துக்கு விஞ்ஞானமும் கணிதமும் ஆங்கிலமும் படிப்பிக்கத் தனித்தனி ஆள். நான் அடிக்கடி போன ஒரு பாடசாலை அரசின் கீழ் வந்து, முதல் பிள்ளையைச் சாதாரண தரப் பரீட்சைக்கு அனுப்ப இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த முதல் தொகுதியில் மூன்று பேர் சித்தியடைந்தார்கள். வலயத் தாளில் அது கடைசி வரி. அந்தத் தோட்டத்துக் கோயிலில் அன்று பொங்கல் வைத்தார்கள்.

ஆசிரியர் விஷயத்தில் சப்ரகமுவவின் கஷ்டம் தனி. இங்கே நியமனம் பெறும் தமிழ் ஆசிரியர்களில் பலர் மத்திய மாகாணத்திலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ வருகிறவர்கள். நியமனக் கடிதத்தோடு வந்து, கட்டாயச் சேவைக் காலம் முடிந்ததும் சொந்த மாகாணத்துக்கு மாற்றம் எடுத்துப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வாடகைக்கு ஓர் அறை கிடைக்காத தோட்டத்தில் ஓர் இளம் பெண் எத்தனை காலம் இருப்பாள்? 2014, 2015 அளவில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென்று ஏறத்தாழ 3,000 ஆசிரிய உதவியாளர்களை எடுத்தபோது எங்களுக்குப் பெரிய நம்பிக்கை பிறந்தது. அவர்களுக்குக் கொடுத்தது மாதம் 6,000 ரூபாய், பின்னர் 10,000. கொழும்பில் துணிக்கடையில் நிற்கும் அவர்களுடைய தம்பி அதைவிட அதிகம் வாங்கினான்.

அந்தத் தம்பிதான் சேர்விடாப்பின் புதிய சொல்: ‘கொழும்பு’. 1990களிலிருந்து அந்தக் கட்டத்தை நிரப்பும் சொல் அது. எட்டாம், ஒன்பதாம் தரத்தில் பையன் தைப்பொங்கலுக்குப் பிறகு வரவில்லையென்றால், கொழும்பில் ஹோட்டலிலோ கடையிலோ சேர்ந்துவிட்டான் என்று பொருள். இரத்தினபுரியில் மாணிக்கக் குழி இன்னொரு பக்கம் இழுக்கிறது. நீர் இறைக்க, மண் தூக்க, கல் கழுவ அங்கே ஆள் வேண்டும். கல் கிடைத்த நாளின் கதை தோட்டமெங்கும் பரவும். கிடைக்காத நாட்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நிவித்திகலைப் பக்கத்தில் ஒரு தகப்பனிடம் பிள்ளையை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். “டீச்சரம்மா, ஒம்பது வரைக்கும் படிச்சிருச்சு. கணக்குக்கு வாத்தியாரே இல்லன்னு அதுவே வந்து சொல்லுது. வாத்தியார் இல்லாத பள்ளிக்கொடத்துக்குப் போயி என்னங்க பண்ணப் போவுது?” என்றார். அக்கறை இல்லாத மனிதர் பேசும் பேச்சா இது? பிள்ளையின் கணக்குப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. கல்விக் காரியாலயத்தில் அது ஒரு வெற்றிடப் பட்டியலின் எண்.

கணித ஆசிரியையாகச் சொல்கிறேன், பெறுபேற்றுத் தாளின் வீதக் கணக்கு ஒப்பிடுவதற்குத் தகுந்த கணக்கு இல்லை. உதாரணத்துக்கு ஒரு பாடசாலையில் முதலாம் தரத்தில் 40 பேர் சேர்ந்து, பத்து ஆண்டுக்குப் பிறகு 12 பேர் பரீட்சை எழுதி, 8 பேர் தகுதி பெற்றால் அதன் வீதம் 67. பக்கத்துப் பாடசாலையில் அதே 40 பேர் சேர்ந்து, 30 பேர் எழுதி, 15 பேர் தகுதி பெற்றால் வீதம் 50. தாளில் முதல் பாடசாலை மேலே நிற்கும், பாராட்டும் அதற்குத்தான். இரண்டாவது பாடசாலை ஏழு பிள்ளைகளை அதிகமாகக் கரையேற்றியிருக்கிறது, பதினெட்டுப் பிள்ளைகளை அதிகமாகப் பள்ளிக்கூடத்துக்குள் பிடித்து வைத்திருக்கிறது. இந்தக் கணக்கு யாருக்கும் கடினமில்லை. ஆனால் வீதத்துக்குப் பாராட்டும் ஏச்சும் கிடைக்கும்போது, பலவீனமான பிள்ளையைப் பத்தாம் தரத்திலேயே ‘வரவின்மை’ என்று வெட்டிவிட்டால் நல்லது என்ற எண்ணம் ஓர் அதிபருக்கு வரத்தான் செய்யும். அப்படி நின்றுபோன பிள்ளைகளை நான் லயத்தில் சந்தித்திருக்கிறேன்.

உயர்தரத்தில் இன்னொரு அநியாயம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. இரத்தினபுரி அந்தப் பதினாறில் ஒன்று. கேட்பதற்கு எங்களுக்காகவே செய்த ஏற்பாடு போலிருக்கும். ஆனால் கலைப் பிரிவுக்கான பொதுவான அனுமதி அகில இலங்கைத் திறமைப்படியே நடக்கிறது. கோட்டா பயன்படுவது மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம், முகாமைத்துவம் போன்றவற்றுக்கு. எங்கள் தமிழ்ப் பாடசாலைகளில் உயர்தரம் இருக்கும் இடங்களில் பெரும்பாலும் இருப்பது கலைப் பிரிவு. ஆக, மாவட்டம் பின்தங்கியது என்பதற்காகக் கிடைக்கும் சலுகை, அந்த மாவட்டத்தில் மிகவும் பின்தங்கிய பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. இரத்தினபுரி நகரத்தில் நல்ல ஆய்வுகூடம் உள்ள பாடசாலைப் பிள்ளைக்கு அது கிடைக்கிறது. அந்தப் பிள்ளையும் தன் உழைப்பால் படிக்கிறது. அதன்மேல் எனக்கு வருத்தமில்லை. மாவட்டம் என்ற அளவுகோலுக்குள் ஒரு மொழியும் ஒரு தொழிலும் ஒரு நூற்றாண்டும் மறைந்துபோகின்றன என்பதே என் முறையீடு.

கணிதத்தில் அபாரமான பிள்ளைகளை நான் படிப்பித்திருக்கிறேன். சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் ‘ஏ’ எடுத்த ஒரு பெண் பிள்ளை, தெஹியோவிட்ட வலயத்தில், தேயிலையும் ரப்பரும் கலந்த ஒரு தோட்டத்திலிருந்து வந்தவள். உயிரியல் படிக்க ஆசை. அருகில் தமிழில் விஞ்ஞானப் பிரிவு இல்லை. ஹட்டனுக்கோ கொழும்புக்கோ அனுப்ப வேண்டும். விடுதிக் காசு, பஸ் காசு, வயதுக்கு வந்த பிள்ளையைத் தனியே விடும் பயம். தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க கூட்டிட்டுப் போயி வச்சுக்கிறதா இருந்தா அனுப்புறேன் டீச்சர், வேற யாரையும் எனக்குத் தெரியாது” என்றார். அவள் அருகிலிருந்த பாடசாலையில் கலைப் பிரிவில் சேர்ந்தாள். இன்று ஓர் ஆரம்பப் பாடசாலை ஆசிரியை, நல்ல ஆசிரியை. அவளைப் போன்ற பிள்ளைகளை நினைத்தால், சப்ரகமுவ மலைகளில் பிறந்து மருத்துவராகாமல் போனவர்களின் பட்டியல் ஒன்றை யாராவது எழுத வேண்டும் என்று தோன்றும்.

பலாங்கொடையிலிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் பெலிஹுல்ஓயா. அங்கே 1990களிலிருந்து சப்ரகமுவப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. சுற்றுத் தோட்டங்களின் தேயிலை மலைகளிலிருந்து அதன் திசையைக் கைகாட்டலாம். அதன் பிரயோக விஞ்ஞான பீடத்துக்குள் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை நுழைய வேண்டுமென்றால் முதலில் ஹட்டன் போன்ற தூரத்து ஊருக்குப் போய் உயர்தரம் படித்துவிட்டு வர வேண்டியிருக்கிறது.

வலயக் காரியாலயங்களிலும் மாகாணக் கல்வித் திணைக்களத்திலும் நான் எழுத்தில் கேட்டு வந்தவை இரண்டு. பெறுபேற்றுத் தாளில் மூன்று புதிய நிரல்கள் சேருங்கள்: பதினொரு ஆண்டுக்கு முன் முதலாம் தரத்தில் சேர்ந்தவர் எத்தனை, அந்தப் பாடசாலை அரசின் கீழ் வந்த ஆண்டு எது, இந்த ஆண்டில் கணித, விஞ்ஞான ஆசிரியர் இல்லாமல் கழிந்த மாதங்கள் எத்தனை. சேர்விடாப்பும் அன்றாட நிகழ்வுகளை எழுதும் சம்பவத் திரட்டும் எல்லாப் பாடசாலையிலும் இருக்கின்றன. ஓர் எழுதுவினைஞர் ஒரு கிழமையில் எடுத்துவிடலாம். இரண்டாவது, பலாங்கொடையில் ஒன்றும் யட்டியாந்தோட்டையில் ஒன்றுமாகத் தமிழ்மொழிமூல விஞ்ஞானப் பிரிவை முழு ஆசிரியர் தொகுதியோடு நிலைநிறுத்தி, பெண் பிள்ளைகளுக்கு விடுதி கட்டுங்கள். இந்த மாவட்டங்களில் எந்த ஒரு பாடசாலையும் தன் தோட்டத்துப் பிள்ளைகளை மட்டும் வைத்து உயர்தர விஞ்ஞான வகுப்பை நடத்த முடியாது. சிதறிய தோட்டங்களின் பிள்ளைகளை ஓரிடத்தில் கூட்டினால்தான் வகுப்பு நிறையும், வகுப்பு நிறைந்தால்தான் ஆசிரியர் நிலைப்பார். விடுதிக்குக் காணி தோட்டக் கம்பனிகளின் குத்தகை நிலத்தில் இருக்கிறது. கவனிப்பாரின்றிக் காடாகிப் போன தேயிலை நிலம் பலாங்கொடையைச் சுற்றியே எவ்வளவோ கிடக்கிறது. விடுதிக் காப்பாளராக இருக்க ஓய்வு பெற்ற ஆசிரியைகள் நாங்கள் இருக்கிறோம்.